94 ஹைலக்ஸில் சிம்சன் பாலைவனம்: எதிலிருந்து தொடங்குவது?

2024 பெப்ரவரி 11

அவுஸ்திரேலியாவில், அடிலெயிட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “1994 ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் பிக்கப், 2.8 டீசல் வாங்கியிருக்கிறேன். ஓகஸ்டில் சிம்சனைக் கடக்க ஆசை. கையில் எட்டாயிரம் டொலர் இருக்கிறது. நாலு அங்குலம் உயர்த்தி, 33 அங்குல ரயர் பூட்டி, முன்னுக்கு இரும்புப் பார், கம்பியால் இழுக்கிற வின்ச், மேலே கூரைக் கூடாரம். இந்த ஒழுங்கில் செய்தால் சரியா?”

இந்த ஒழுங்கை அப்படியே கவிழ்த்துப் போடுங்கள். நீங்கள் வாங்கியிருப்பது எல்என்106 என்ற ரகம். முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சு, நாலு மூலையிலும் தகட்டு ஸ்பிறிங், 3எல் என்று பெயர் கொண்ட, ரேர்போ இல்லாத 2.8 லீற்றர் டீசல். பாலைவனத்துக்கு இதைவிட எளிமையான வாகனம் கிடைப்பது அரிது. ஆனால் முப்பது வயது. அதில் ஏற்கெனவே இருக்கிற றப்பர், சீல், ஹோஸ் எல்லாமே முப்பது வயதாக இருக்கலாம். எட்டாயிரத்தில் பாதியை, வெளியில் நின்று பார்க்கிற யாருடைய கண்ணுக்கும் தெரியாத சாமானுக்குக் கொடுக்க மனம் வர வேண்டும்.

முதலில் ரைமிங் பெல்ற். 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்ற வேண்டியது. அந்தத் தூரம் வந்ததும் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். பழைய சொந்தக்காரர் பெல்ற்றை விட்டுவிட்டு விளக்கை மட்டும் அணைத்திருக்கவும் கூடும். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுங்கள். அறுந்தால் வால்வில் பிஸ்டன் அடிக்கும், அத்தோடு பயணம் முடிந்தது.

அடுத்தது ரேடியேற்றர். உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று கழட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஹோஸ் எல்லாவற்றையும், மெல்லிய ஹீற்றர் ஹோஸ் உட்பட, புதிதாகப் போடுங்கள். ஃபான் கிளட்சைப் பாருங்கள். நகரத்துக்குள் சூடேறாத எஞ்சின், இரண்டாம் கியரில் மணல்மேடு ஏறும்போது சூடேறும்.

2024 பெப்ரவரி 11, இரவு

முன் ஹப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நித்திரை வராது.

முன் அச்சின் இரண்டு முனையிலும் பந்து மாதிரி ஒரு வீடு இருக்கிறது. அதற்குள்தான் சில்லைத் திருப்பிக்கொண்டே சுழற்றும் மூட்டு, கனத்த கிறீஸுக்குள் ஊறிக் கிடக்கிறது. அச்சின் நடுவில் இருக்கிற டிபறன்சலின் ஒயில் அதற்குள் வராமல் தடுப்பது உள்ளே இருக்கிற ஒரு சின்ன சீல். அது போனால் ஒயில் மெல்ல மெல்லக் கசிந்து கிறீஸைக் கரைத்துவிடும். வெளியே பந்தின் மேல் பிசுபிசுப்பும் தூசும் சேர்ந்து ஒரு சேறு படியும். அது வெறும் அழுக்குத்தானே என்று துடைத்துவிட்டுப் போகிறவர்கள் கனபேர்.

பார்ப்பது சுலபம். வீட்டின் மேல்பக்கத்தில் சதுரத் தலையோடு ஒரு அடைப்பு இருக்கும். கழட்டி, ஒரு வளைந்த கம்பியை உள்ளே விட்டு எடுங்கள். கம்பியில் கறுப்பாக, அல்வா பதத்தில் கிறீஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லது. மண்ணிறத்தில் தண்ணியாக வடிந்து, டிபறன்சல் ஒயிலின் கந்தக வாடை அடித்தால் சீல் போய்விட்டது. ஒரு பக்கம் போயிருந்தால் மற்றப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்து, சீல் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள். சில்லுப் பெயரிங்கையும் அப்போதே புதிதாகப் போடலாம், எப்படியும் அதைக் கழட்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்த நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கற் வேண்டும். அதை வாங்கி, பயணத்திலும் கொண்டுபோங்கள்.

2024 பெப்ரவரி 18

தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: அப்படியென்றால் உயர்த்துவது, ரயர் எல்லாம் எப்போது? இன்னும் இல்லை. வாகனத்தை எடைமேடையில் ஏற்றிய பிறகு.

ஒரு கணக்குப் போடுவோம். இரும்புப் பாரும் வின்ச்சும் சேர்ந்து 90 கிலோ. கூரைக் கூடாரமும் அதைத் தாங்குகிற சட்டமும் 90. குளிர்பெட்டி, உள்ளே சாப்பாட்டோடு 40. இரண்டாவது பற்றரி 22. இழுப்பறைப் பெட்டி 80. தண்ணீர் 60 லீற்றர், அது 60 கிலோ. மேலதிக டீசல் 80 லீற்றர், கானோடு சேர்த்து 85. இரண்டாவது மேலதிகச் சில்லு 30. கருவிப்பெட்டி, ஜக், மண்வெட்டி, உடுப்பு, சமையல் சாமான் 80. ஆட்கள் இரண்டு பேர் 150. இப்போதே 700 கிலோவைத் தாண்டிவிட்டது. தம்பியின் பட்டியல் முழுவதையும் இந்த வாகனம் சுமக்குமா என்பது சந்தேகம்.

கதவுப் பக்கத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் மொத்த எடை வரம்பு பொறித்திருக்கும். எண்ணெய் முழுதாக அடித்து, ஆட்களும் ஏறி, எல்லாச் சாமானோடும் பொது எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, பிறகு முழுவதையும் நிறுங்கள். அந்த மூன்று எண்ணையும் பார்த்த பிறகுதான் எந்த ஸ்பிறிங் வாங்குவது என்ற கேள்விக்கே போகலாம். ஸ்பிறிங் விற்கிறவர் முதலில் கேட்பது எப்போதும் எத்தனை கிலோ நிற்கிறது என்பதைத்தான். “கொஞ்சம் பாரம்தான்” என்று சொன்னால் அவரும் கொஞ்சம் பொருந்துகிற ஸ்பிறிங்கைத்தான் தருவார்.

2024 பெப்ரவரி 19

மேலே எழுதியதில் ஒன்று கூட்ட வேண்டும். எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்வி. எங்கே இருக்கிறது என்பது மறுபாதி. டபிள் கப்பில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஏறக்குறைய 2.85 மீற்றர். பின் அச்சுக்குப் பின்னால் ஒரு மீற்றர் தள்ளி 100 கிலோ தொங்கினால், பின் அச்சில் 135 கிலோ கூடும், முன் அச்சில் 35 குறையும். இருபக்கத்தையும் பிடித்துக் கீழே வளைப்பதுபோல அந்தப் பாரம் சேசியில் வேலை செய்கிறது. அலையலையாகக் குலுக்குகிற தடத்தில் அது ஒரு மணித்தியாலத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். டபிள் கப் பிக்கப்புகளின் சேசி கபினுக்கும் பின்னால் உள்ள சாமான் தட்டுக்கும் இடையில் வளைந்து கிடக்கிற படங்கள் இங்கே எல்லோரும் பார்த்ததுதான்.

பின்பக்கம் தாழ்ந்து போச்சுதே என்று தகட்டு ஸ்பிறிங்கோடு காற்றுப்பை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தகட்டு ஸ்பிறிங் பாரத்தைச் சேசியில் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் கொடுக்கிறது. காற்றுப்பை நடுவில் ஒரே இடத்தில் குத்துகிறது. நகரத்தில் இடைக்கிடை பாரம் ஏற்றுகிறவருக்குப் பரவாயில்லை. சிம்சனுக்கு வேண்டாம்.

தண்ணீரையும் டீசலையும் கபின் முதுகோடு ஒட்டி, தட்டின் தளத்தோடு தாழ்வாக வையுங்கள்.

2024 மார்ச் 3

உயர்த்துவதைப் பற்றி இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். நான் உயர்த்தவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்த பாரத்துக்கு ஏற்ற புதிய தகட்டு ஸ்பிறிங் பூட்டினால் இரண்டு அங்குலம் தானாகவே வரும். அது போதும். அதற்கு மேல் போனால் முன் புரொப்பெலர் சாஃப்ற்றின் கோணம், ஸ்ரியரிங், பிறேக் ஹோஸின் நீளம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வரும். சட்டமும் இருக்கிறது. விஎஸ்பி 14 என்ற தேசிய விதிக்கோவைதான் அடிப்படை, மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். ஏறக்குறைய 50 மில்லிமீற்றருக்கு மேல் போனால் பொறியியலாளரின் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம். பின் அச்சுக்கு மேலே, சேசியில் ஒரு வால்வு இருக்கும். அதில் இருந்து மெல்லிய கம்பி ஒன்று அச்சுக்குப் போகும். தட்டில் பாரம் ஏறி வாகனம் தாழ்ந்தால் அந்த வால்வு பின்பிறேக்குக்கு அமுக்கத்தைக் கூட்டும். வெறுமையாக நின்றால் குறைக்கும். நீங்கள் ஸ்பிறிங்கை உயர்த்தியதும் அது “தட்டு வெறுமை” என்று எடுத்துக்கொள்ளும். பிறகு முழுப்பாரத்தோடு பிறேக் பிடிக்கும்போது பின்சில்லு பாதி வேலைதான் செய்யும், முன்பிறேக் வெந்து போகும். ஒரு நண்பர் உயர்த்திய பிறகு பிறேக் பட்டை, மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் மாற்றியும் பிறேக் சரிவரவில்லை. கடைசியில் அந்தக் கம்பியின் பிடியை உயர்த்தின அளவுக்கு நகர்த்திப் பூட்ட, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஸ்பிறிங் பூட்டிய கராஜ் அதைத் தொடவே இல்லை.

2024 மார்ச் 5

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர்: “3எல் என்றால் எங்கட டொல்பின் வானில் இருக்கிறதுதானே?” அதுவேதான். ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் திருவிழாக் கூட்டத்தையும் ஏற்றி ஓடுகிற எல்எச்113 ஹையேஸில் இருப்பதும் இந்த எஞ்சின்தான். அவர் வீட்டில் ஒன்று இன்னும் ஓடுகிறதாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

அவர் சொன்னதில் முக்கியமானது அல்டனேற்றர் விஷயம். இந்த எஞ்சினில் பிறேக்குக்கான வக்கியூம் பம்ப் அல்டனேற்றரின் பின்னாலேயே பூட்டி வருகிறது. அதற்கு ஒயில் குழாய் தனியாகப் போகிறது. குளிர்பெட்டிக்கு மின்சாரம் போதவில்லை என்று பெரிய அல்டனேற்றர் வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். பம்ப் இல்லாத ஒன்றைப் பூட்டினால் பற்றரி நிறையும், பிறேக் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும்.

டீசலில் காற்றுப் பிடித்தால் ஃபில்ரர் தலையில் இருக்கிற கைப்பம்பை இறுகும்வரை அழுத்தினால் சரி. இந்த எஞ்சின் ஓடுவதற்கு, டீசலைத் திறந்துவைக்கிற சொலனொயிட்டுக்குப் போகும் ஒரு கம்பியில் 12 வோல்ற் இருந்தால் போதும். கணினி இல்லை. பாலைவனத்தின் நடுவில் நின்று இதை யோசித்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

2024 மார்ச் 24

ரயர். 31x10.5ஆர்15 போதும், அதற்கு மேல் தேவையே இல்லை. 33க்குப் போனால் சுற்றளவு 6% சொச்சம் கூடும், அதாவது எல்லாக் கியரும் அந்த அளவுக்குக் கனக்கும். 65 கிலோவாட்டைச் சுற்றி நிற்கிற எஞ்சினுக்கு, எதிர்க்காற்றில் ஐந்தாம் கியர் இல்லாமலே போகும். டிபறன்சல் பல்லை மாற்றினால் தீரும், ஆனால் அந்தக் காசில் பின்சில்லு இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கிற டிபறன்சல் லொக்கே போடலாம்.

லொக்கை நான் வின்ச்சுக்கு முன்னால் வைக்கிறேன். சிம்சனில் வின்ச்சைக் கொழுவ மரம் எங்கே? மேட்டின் உச்சியில் வாகனம் மூலைவிட்டமாக இரண்டு சில்லைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, லொக் இருந்தால் மெதுவாக ஏறிப்போகும். இல்லாதவர் வேகத்தால் ஏறப் பார்ப்பார். வேகம்தான் ஸ்பிறிங்கை உடைக்கிறது, தடத்தில் பள்ளம் தோண்டுகிறது, பின்னால் வருகிறவருக்கும் அதைக் கெடுக்கிறது.

2024 மார்ச் 25

வின்ச் வேண்டாம் என்று எழுதியதும், அப்படியென்றால் முன் பாரும் வேண்டாமா என்று கேட்கிறார்கள். அது வேறு. அங்கே போய்ச் சேருகிற தெருவில் பொழுதுபடுகிற நேரம் கங்காரு, மாடு, ஈமு எல்லாம் குறுக்கே வரும். ரேடியேற்றரைக் காப்பாற்ற ஏதாவது வேண்டும். அலுமினியப் பார் போடுங்கள், இரும்பில் பாதி எடைதான். அதைவிட, இருட்டில் ஓடாமல் இருங்கள்.

2024 மே 12

கூரைக் கூடாரம் வேண்டாம் என்று இவ்வளவு நாளும் கடுமையாகச் சொல்லிவந்தேன். பேர்த்தில் இருந்து ஒரு அக்கா எழுதியதை வாசித்த பிறகு கொஞ்சம் யோசிக்கிறேன். முதுகு வருத்தத்தால் நிலத்தில் இருந்து எழும்ப முடியாதவருக்கு அது தேவைதான். அப்படியானால் இழுப்பறைப் பெட்டியை விட்டுவிட்டு நாலு பிளாஸ்ரிக் பெட்டியைக் கட்டிக் கொண்டுபோங்கள், எடை சரிக்குச் சரி. கூடாரத்தைக் கபினுக்கு மேல் ஏற்றாமல், தட்டின் மேல் தாழ்வான சட்டம் அடித்து, கபின் உயரத்தை மீறாமல் வையுங்கள். சரிந்த மணல்மேட்டில் உச்சந்தலையில் அறுபது கிலோ இருப்பதும், தோள் மட்டத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

குளிர்பெட்டிக்கு: இந்தக் காலத்து வாகனங்களின் அல்டனேற்றர் கணினி சொல்வதைக் கேட்டு வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும், அதனால் அவர்களுக்கு விலைகூடிய சார்ஜர் வேண்டும். உங்கள் பழைய அல்டனேற்றர் எப்போதும் 14 வோல்ற்றை ஒட்டியே நிற்கும். சாதாரண ஈயப் பற்றரியும், வோல்ற்றைப் பார்த்து இணைக்கிற ஒரு ரிலேயும் போதும்.

2024 யூன் 8

எஞ்சினுக்குக் கூரை மட்டத்தில் இருந்து காற்று எடுக்கிற குழாய்தான் ஸ்னோர்க்கல். அது தண்ணீருக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சிம்சனுக்குப் போகிறவருக்கு அது தூசுக்கு. முன்னால் போகிற வாகனத்தின் தூசு தரையோடு தடிப்பாக நிற்கும்; கூரை மட்டத்தில் காற்று எவ்வளவோ சுத்தம். ஆனால் ஸ்னோர்க்கல் பூட்டி, எயர்கிளீனர் மூடியின் றப்பர் வெடித்துக் கிடந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. மூடிக்கு உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டினால் எங்கேயோ ஓட்டை.

எஞ்சின் தலையில் ஒரு போல்ற்றுக்குக் கீழே பூட்டுகிற வெப்ப அலாரம் ஒன்று வாங்குங்கள். டாஷ்போர்டு முள் தண்ணீரின் வெப்பத்தைத்தான் காட்டுகிறது. தண்ணீரே ஒழுகிப் போய்விட்டால் அதற்குக் காட்ட ஒன்றும் இல்லை. இந்த அலாரம் உலோகத்தின் வெப்பத்தைப் பார்க்கிறது. விலை மலிவு, எஞ்சினைக் காப்பாற்றும்.

இதே அலுவலில் ரேர்போ பூட்டலாமா என்று கேட்டவருக்கு: இந்தப் பயணத்துக்கு முன் வேண்டாம். சூட்டைக் குறைக்கத்தான் இத்தனை பாடும் படுகிறோம்.

2024 யூலை 20

வாகனம் தயார் என்று படம் போட்டிருக்கிறார். இரண்டு அங்குலம், 31 ரயர், வெள்ளை நிறம் கொஞ்சம் மங்கி, நல்ல வடிவாக நிற்கிறது. எடைமேடைச் சீட்டும் போட்டிருக்கிறார், வரம்புக்குள் இருக்கிறது. இனி மணலுக்குப் போவோம்.

மேற்கில் மவுண்ட் டேரில் இருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில்லுக்குப் போங்கள். மேடுகளின் மேற்குச் சரிவு மெதுவானது, கிழக்குச் சரிவு செங்குத்து. ஆயிரத்து நூறு மேட்டுக்கு மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறபோது இந்த வித்தியாசம் பெரிது. கடைசியில் பேர்ட்ஸ்வில்லுக்குக் கிட்ட நிற்கிற பிக் ரெட் என்ற மேடு 40 மீற்றர் உயரம். ஏறாமல் சுற்றிப் போகவும் வழி இருக்கிறது, அதில் ஒரு வெட்கமும் இல்லை. தென் அவுஸ்திரேலியாப் பக்கத்துக்குப் பாலைவனப் பூங்கா அனுமதி எடுக்க வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்கா பூட்டு.

கொடி கட்டாயம், நிலத்தில் இருந்து 3.5 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். மேட்டின் மறுபக்கத்தில் இருந்து ஏறுகிறவர் உங்களைக் காண அது ஒன்றுதான் வழி. வாகனத்துக்கு வாகனம் பேசுகிற யுஎச்எஃப் வானொலியை 10ஆம் அலைவரிசையில் விட்டு, எந்த இடத்தில் எத்தனை வாகனம் என்று இடைக்கிடை சொல்லிக்கொண்டே போங்கள்.

ரயர்க் காற்று 18 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஏறவில்லை என்றால் காலை அழுத்தாமல் காற்றை 15க்கு இறக்குங்கள். காற்றுக் குறைந்தால் ரயர் நீளவாக்கில் தரையில் படரும், மணல் தாங்கும். அந்தக் காற்றில் திடீரென்று வெட்டித் திருப்பினால் ரயர் றிம்மை விட்டுக் கழரும்.

டீசல்: தாங்கியில் 65 லீற்றர் சொச்சம். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றருக்கு 11 குடிப்பது மணலில் 16, 18 குடிக்கும். சுற்றித் திரிவதையும் சேர்த்து 600 கிலோமீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 108. நாலு ஜெரி கான் கொண்டுபோங்கள். இடையில் பெற்றோல் செட் இல்லை. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லீற்றர், அதற்கு மேல் சில நாளுக்கு உபரி.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். புதைந்தால் இழுக்கிற பட்டியை, ரெயிலர் கொழுவுகிற இழுவைக் குண்டில் கொழுவ வேண்டாம். குண்டு உடைந்து பறந்து வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசியில் போல்ற் போட்டுப் பூட்டிய, எடை குறித்த கொக்கியில் மட்டும் கொழுவுங்கள். அதற்கு முன் மண்வெட்டி. சில்லுக்கு முன்னால் தோண்டி, பலகை வைத்து ஏறுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

2024 யூலை 21

காற்று 18 என்றது அவருடைய எடைக்கு. இதை வாசித்துவிட்டு மூன்றரைத் தொன் வாகனத்தோடு போகிறவர் 20க்கு மேல் வைத்துத் தொடங்கிப் பார்க்கட்டும்.

2024 ஓகஸ்ட் 29

பேர்ட்ஸ்வில்லில் இருந்து தகவல் வந்திருக்கிறது. கடந்துவிட்டார்கள். எஞ்சின் ஒரு தடவையும் சூடேறவில்லை, ஹப் இரண்டும் காய்ந்து கிடக்கிறதாம். ஊட்னடாட்டா தடத்துக் குலுக்கலில் பற்றரித் தட்டு வெடித்து, பட்டி போட்டுக் கட்டியிருக்கிறார். பின் இடது ஸ்பிறிங்கின் நடுப் போல்ற் முறிந்து அச்சு ஒரு விரலளவு பின்னால் நகர்ந்தது. கொண்டுபோன மேலதிகப் போல்ற்றைப் போட்டு, ஸ்பிறிங்கைச் சேர்த்துக் கட்டி, அடுத்த நாள் வெளிக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு இங்கே இருந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது.

தம்பி, திரும்பிப் போகிற பேர்ட்ஸ்வில் தடம் மாரீ வரைக்கும் 517 கிலோமீற்றர், கூர்க்கல் கூட. ரயர்க் காற்றை 28க்கு ஏற்றுங்கள், 15இல் ஓடினால் பக்கச்சுவர் வெட்டுப்படும். ரேடியேற்றரில் புல்விதை அடைந்திருக்கும், எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். போல்ற் முறிந்த பக்கத்து யு-போல்ற் இரண்டும் இழுபட்டிருக்கும். வீட்டுக்கு வந்து அதையே திரும்ப முறுக்க வேண்டாம், புதிதாகப் போட்டு, ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருக்கா இறுக்கிப் பாருங்கள்.